பழைய காசில் இரட்டை எழுத்து: அச்சின் பிழையா, அடித்தபோது வந்த ஆட்டமா?

"டுயிட் லாமா, டபுள் டை, ரொம்ப ரேர்!" பழைய காசு விற்கும் முகநூல் குழு ஒன்றில் சேர்ந்து பாருங்கள், இப்படி ஓர் அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும். படம் மங்கலாக இருக்கும். அதில் ஒரு 10 சென்னோ 20 சென்னோ. ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னோர் எண். விலை நூறு வெள்ளியில் தொடங்கும், சில வேளை ஆயிரத்தையும் தாண்டும். சில நாள் கழித்து அதே படம் குடும்பப் புலனக் குழுவுக்கும் வந்து சேரும், "வீட்டுல இந்தக் காசு இருந்தா பத்திரமா வெச்சுக்குங்க" என்ற குறிப்போடு.

ஜொகூரில் என் வயதுக்காரர்கள் சிலர் இதில் உண்மையிலேயே பணம் போடுகிறார்கள். கல்விக் கடனில் மிச்சம் பிடித்த பணம், பகுதிநேர வேலையில் சம்பாதித்த பணம். அவர்கள் காட்டும் "டபுள் டை" காசுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை டபுள் டையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க நிபுணராக வேண்டியதில்லை. ஒரு காசு எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

முதலில் பெயர். டை என்றால் தலைமுடிக்குப் பூசும் டை அன்று, காசு அடிக்கும் உருக்கு அச்சு. சரியான பெயர் "டபுள்ட் டை", அதாவது இரட்டிப்பான அச்சு. பிழை அச்சில் இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடுகிறது. நாம் அதை "டபுள் டை" என்று சுருக்கியதில் அந்தப் பொருள் காணாமல் போய்விட்டது.

காசு ஆலையில் முதலில் ஒரு மூல அச்சு இருக்கும். ஆங்கிலத்தில் ஹப் என்பார்கள். காசில் இருப்பது போலவே அதில் படமும் எழுத்தும் புடைத்து நிற்கும். இதை மென்மையாக்கிய உருக்குத் துண்டின் மீது பெரும் அழுத்தத்தில் பதித்தால், படம் குழிவாக விழுந்து வேலை அச்சு கிடைக்கும். அந்த அச்சுதான் வெற்று வில்லைகளை அடித்துக் காசாக்குகிறது. பழைய முறையில் ஒரே அழுத்தில் படம் முழு ஆழத்துக்கு இறங்காது. ஒரு முறை அழுத்தியதும் உருக்கு இறுகிவிடும். அதை உலையில் சூடாக்கி மறுபடி மென்மையாக்கி, மீண்டும் மூல அச்சின் கீழே வைத்து அழுத்த வேண்டும். இரண்டாம் முறை வைக்கும்போது துண்டு கொஞ்சம் திரும்பியிருந்தால் முதல் படத்தின் மேலேயே சற்று விலகி இரண்டாம் படம் விழும். அச்சில் இப்போது ஒவ்வோர் எழுத்தும் இரண்டு. அந்த அச்சு இயந்திரத்தில் ஏறிய பிறகு அது அடிக்கும் காசு ஒவ்வொன்றிலும் அதே இரட்டை எழுத்து, அதே இடத்தில், அதே இடைவெளியில் வரும்.

பெருநாளுக்குக் குவே பஹுலு சுடும் பித்தளை அச்சைப் பார்த்திருப்பீர்கள். பூ வடிவக் குழியில் ஒரு கீறல் இருந்தால், அந்தக் குழியில் சுடும் எல்லாப் பஹுலுவிலும் அந்தக் கீறல் இருக்கும். எடுக்கும்போது கம்பி இடித்து ஒரு பஹுலு நசுங்கினால், அது ஒன்று மட்டும்தான் நசுங்கும். டபுள்ட் டை என்பது குழியில் விழுந்த கீறல். இயங்கலையில் விற்கப்படுபவை பெரும்பாலும் நசுங்கிய பஹுலு.

உலகத்தில் அதிகம் பேசப்படும் டபுள்ட் டை அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு. ஃபிலடெல்ஃபியா ஆலையில் ஓர் இரவு இப்படிப்பட்ட அச்சு ஒன்று வேலையில் இருந்தது. ஏறத்தாழ 40,000 காசுகள் அடித்த பிறகுதான் ஒருவர் கவனித்தார். அதற்குள் பாதிக்கும் மேற்பட்டவை மற்ற இயந்திரங்களில் அடித்த இலட்சக்கணக்கான காசுகளோடு கலந்துவிட்டன. பொறுக்கி எடுக்கப் பார்த்தால் எல்லாவற்றையும் உருக்க வேண்டும். வேண்டாம், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கும் என்பது கணக்கு. அவற்றில் நிறைய காசுகள் மக்கள் கைக்கு வந்த வழி இன்னும் வேடிக்கை. அப்போது சிகரெட் இயந்திரத்தில் 25 சென்ட் போட வேண்டும், பாக்கெட் விலையோ 23 சென்ட். மீதி இரண்டு காசைப் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். அந்த இரண்டு காசில் சிலருக்கு இந்தக் காசு கிடைத்தது. இன்று தேய்ந்த ஒன்றுகூட ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போகும்.

அந்தக் காசின் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஆண்டு எண்ணும், மேலே உள்ள வாசகமும், "லிபர்ட்டி" என்ற சொல்லும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். லிங்கனின் முகத்தில் மட்டும் பெரிய மாற்றம் இருக்காது. அச்சு நடுவை மையமாக வைத்துத் திரும்பியதுதான் காரணம். பங்காவின் இறக்கை நுனி நடுப்பகுதியைவிட அதிகத் தூரம் நகர்வது போல, விளிம்பில் உள்ள எழுத்துகள் அதிகம் விலகியிருக்கின்றன. எல்லா டபுள்ட் டையும் இப்படித் திரும்பியதால் வருபவை அல்ல. பக்கவாட்டில் நகர்ந்தது, சாய்ந்தது, இரண்டு வெவ்வேறு மூல அச்சுகள் பட்டது என்று சேகரிப்பாளர்கள் எட்டு வகைக்கும் குறையாமல் பிரிக்கிறார்கள். தொடங்குபவர்களுக்கு அந்தப் பிரிவெல்லாம் தேவையில்லை.

தேவைப்படுவது, டபுள்ட் டை போலவே தோன்றும் இன்னொன்றை அடையாளம் காண்பது. அதற்கு மெஷின் டபுளிங் என்று பெயர். அச்சு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இயந்திரத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வில்லையை அடித்துவிட்டு மேலே எழும்பும் நொடியில் அச்சு பக்கவாட்டில் ஆடும். அப்போதுதான் புடைத்து எழுந்த எழுத்தின் ஓரத்தை அது இடித்துத் தள்ளிவிடும். இடித்த இடம் தட்டையாக, படிக்கட்டு போல, எழுத்தைவிடத் தாழ்வாக நிற்கும். தள்ளப்பட்ட உலோகம் எழுத்திலிருந்தே போனது என்பதால் எழுத்து முன்பைவிட ஒல்லியாகிவிடும்.

இந்த ஒல்லியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உண்மையான டபுள்ட் டையில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து நிற்பதால் மொத்த அகலம் கூடும். இரண்டாம் எழுத்தும் முதலாவதைப் போலவே உருண்டு திரண்டு, பெரும்பாலும் அதே உயரத்தில் இருக்கும். எழுத்தின் மூலைகளில், கால் முடியும் இடத்தில், ஒரு பிளவு தெரியும், பாம்பின் நாக்கு மாதிரி. மெஷின் டபுளிங்கில் அந்தப் பிளவு இராது. தட்டையான ஒரு விளிம்பு மட்டும், புதுக் காசாக இருந்தால் பளபளவென்று, ஒரே திசையில் தெரியும்.

என் பெரியம்மா மகன், குளுவாங்கில் இருக்கும் அண்ணன், போன ஆண்டு 280 வெள்ளி கொடுத்து 1988ஆம் ஆண்டு 20 சென் ஒன்றை வாங்கினார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது பெருமையாக எடுத்து மேசையில் வைத்தார். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். கடைசி இரண்டு 8க்கும் பக்கத்தில் நிழல் இருந்தது உண்மைதான்.

"அண்ணே, முதல் 8ஐயும் கடைசி 8ஐயும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மெலிஞ்சிருக்கு."

"அதுதானேம்மா டபுள்?"

"டபுளா இருந்தா குண்டாகணும், இது இளைச்சுப் போயிருக்கே."

அவர் நம்பவில்லை. பாட்டி பல வருடமாகச் சில்லறை போட்டு வைத்திருக்கும் மைலோ டின்னைக் கொண்டு வந்து கொட்டினோம். 1988ஆம் ஆண்டு 20 சென் மட்டும் பதினொன்று கிடைத்தன. அவற்றில் இரண்டில் அதே போன்ற நிழல். ஒன்றில் இடப்பக்கம், இன்னொன்றில் மேற்பக்கம். அண்ணனுடையதில் வலப்பக்கம். ஒரே அச்சின் பிழை என்றால் மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இவையோ மூன்று திசையில் ஆடியிருக்கின்றன. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாட்டிதான், "இருபது சென்னுக்கு இருநூத்தி எம்பது குடுத்தியா?" என்று கேட்டார்.

விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் யாரோ சொன்னதை நம்பியிருக்கலாம். ஆனால் "ரேர்" என்று எழுதியவர், இதே பிழையுள்ள இன்னொரு காசைக் காட்டச் சொன்னால் என்ன செய்திருப்பார்? பழைய காசு வாங்கும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று நான் நினைப்பது அதுதான்: "இதற்குக் கூடப்பிறந்தவன் இருக்கிறானா?" ஓர் அச்சு அடிப்பது ஆயிரக்கணக்கில், சில நேரம் இலட்சக்கணக்கில். உண்மையான டபுள்ட் டைக்குக் கூடப்பிறந்தவை எங்கோ இருந்தே ஆக வேண்டும். "உலகத்திலேயே இது ஒன்றுதான்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், நான் அதைச் சந்தேகத்துக்கான காரணமாகவே எடுத்துக்கொள்வேன். மிகச் சில மட்டுமே தப்பிய காசுகளும் உண்டுதான். அமெரிக்காவின் 1958 ஒரு சென்ட் டபுள்ட் டையில் இதுவரை அறியப்பட்டவை மூன்று. அதில் ஒன்று 2023இல் 11 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அங்கும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

1969ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த ஒரு சென்ட்டின் கதை இன்னும் நல்ல பாடம். அதே காலத்தில் இரண்டு பேர் 1969 டபுள்ட் டை சென்ட்டுகளைப் போலியாகத் தயாரித்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் அமெரிக்க இரகசியச் சேவைத் துறை முதலில் கிடைத்த அசல் காசுகளையும் போலி என்றே நினைத்துப் பறிமுதல் செய்தது. பிறகுதான் அவை ஆலையிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது. அந்த அசல் காசில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்டு எண்ணும் எழுத்துகளும் நன்றாக இரட்டித்திருக்கும். ஆண்டுக்குக் கீழே உள்ள "எஸ்" என்ற ஆலைக் குறி மட்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் காலத்தில் ஆலைக் குறியை மூல அச்சில் வைப்பதில்லை. வேலை அச்சு முடிந்த பிறகு தனியாகக் கையால் அடித்துப் பதிப்பார்கள். அதனால் மூல அச்சு விலகியது அந்த "எஸ்"ஸைப் பாதிக்க வழியே இல்லை. அதே ஆண்டுக் காசில் "எஸ்"ஸும் சேர்ந்து இரட்டித்திருந்தால்? அச்சு இயந்திரத்தில் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு போலித் தோற்றம் தேய்ந்த அச்சால் வருவது. அச்சு பல இலட்சம் முறை அடித்து அடித்து, எழுத்துகளின் ஓரம் கரைந்து அகன்றுபோகும். காசில் எழுத்தைச் சுற்றிப் புகை போலவோ வீங்கியது போலவோ தெரியும். கூர்மையான பிளவு இருக்காது. 1955 சென்ட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் காசை "ஏழையின் டபுள்ட் டை" என்று அமெரிக்காவில் கேலியாகச் சொல்வார்கள். அசலின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்காது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஏழைகளிடம்தான் இவை அதிகமாகத் தள்ளிவிடப்படுகின்றன.

சரி, நம் நாட்டுக் காசில் டபுள்ட் டை வருமா? மூல அச்சை அழுத்தி வேலை அச்சு செய்த எந்த நாட்டிலும் வரலாம். நம் தாத்தா காலத்துக் காசுகள் பல நாட்டு ஆலைகளில் அடிக்கப்பட்டவை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட மலாயா காசுகளில் 1941, 1945ஆம் ஆண்டுகளில் சிலவற்றில் சிறிய "ஐ" எழுத்து இருக்கும். அவை இந்தியாவில் அடித்தவை. 1961ஆம் ஆண்டு மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காசுகளில் "ஹெச்" இருந்தால் பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை, "கேஎன்" இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. மலேசியாவின் சொந்த சென் காசுகள் 1967இல்தான் வந்தன, நாடாளுமன்றக் கட்டடத்தோடு. 1989இல் செம்பருத்தியும் சோங்காக்கும் வாவ் பட்டமும் போட்ட இரண்டாம் தொகுதி. 2012 ஜனவரியில் இப்போதைய மூன்றாம் தொகுதி. பிற்காலத்தில் ஆலைகள் ஒரே அழுத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறின. அமெரிக்காவில் அது 1990களின் பிற்பகுதியில் நடந்தது. அந்த முறையில் 1955 போன்ற பெரிய இரட்டிப்பு வருவது அரிது, நடுப்பகுதியில் சின்னதாக வருவதுண்டு. ஆகவே ஒருவர் புத்தம் புதிய காசில் ஆண்டு எண் முழுக்க இரண்டாகத் தெரிகிறது என்று காட்டினால் கூடுதல் கவனம் தேவை.

இன்னும் பழசுக்குப் போனால் இந்தச் சொல்லே பொருந்தாது. ஜொகூர் சுல்தான்களின் எண்கோணப் பொற்காசும் இராஜராஜ சோழனின் செப்புக்காசும் கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை. ஓர் அடி போதாமல் இன்னோர் அடி அடிக்கும்போது காசு நகர்ந்துவிடும், உருவம் இரண்டாகத் தெரியும். அது இரட்டை அடி. அந்த ஒரு காசின் கதை, அச்சின் கதை இல்லை. அதை "சோழர் கால டபுள் டை" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

இனி கையில் காசை எடுத்தால் என்ன செய்வது? பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று வேண்டும், விலை அதிகமில்லை. அதற்கு மேல் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் அதிசயமாகத் தெரியத் தொடங்கிவிடும். மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்து, காசை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். சாய்ந்து விழும் ஒளியில் எந்த எழுத்துக்கும் நிழல் வரும். கைப்பேசியின் விளக்கு ஒன்று, அறை விளக்கு ஒன்று என இரண்டு ஒளி பட்டால் நிழலும் இரண்டாகும். காசைச் சுற்றும்போது "இரட்டை" இடம் மாறினால் அது வெளிச்சத்தின் வேலை. இயங்கலையில் வாங்குவதாக இருந்தால், ஒளி வெவ்வேறு பக்கத்திலிருந்து விழும்படி இரண்டு படமாவது கேளுங்கள். கேட்டதும் கோபப்படும் விற்பனையாளரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல விற்பனையாளர் கேட்காமலேயே அனுப்புவார். ஜொகூர் பாருவின் பசார் காராட்டில் காசைக் கையில் எடுத்துப் பார்க்க முடிவது ஒரு வசதி. வாங்காவிட்டாலும் உருப்பெருக்கியோடு போய் நின்று பழகலாம்.

காசைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் உண்டு. வெண்கல ஒரு சென் அப்படியே மின்னும், பார்க்கவும் அழகுதான். ஆனால் அந்தத் தேய்ப்பில் எழுத்தின் ஓரம் மழுங்கி, பிழை உண்மையா பொய்யா என்று காட்டும் பிளவே அழிந்துபோகும். சேகரிப்பாளர் கண்ணில் பளபளக்கும் பழைய காசுக்கு மதிப்பு குறைவு.

உண்மையான டபுள்ட் டை என்றாலே பணம் கொட்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் 1995 ஒரு சென்ட் டபுள்ட் டை நூற்றுக்கு நூறு உண்மை. ஏராளமாகக் கிடைப்பதால் சில பத்து டாலர்களே பெறும். நம் நாட்டில், பிழை எதுவும் இல்லாத 1971ஆம் ஆண்டு 10 சென்னுக்கு, அந்த ஆண்டு மிகக் குறைவாகவே அடித்தார்கள் என்ற ஒரே காரணத்தால், சேகரிப்பாளரிடையே நல்ல மதிப்பு உண்டு. ஆனால் தாத்தா பாட்டியின் டின்னில் முதலில் ஆண்டைப் பார்ப்பவர்கள் குறைவு, எல்லாரும் நிழலைத்தான் தேடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது டின்னிலிருந்த காசுகளை ஆண்டுவாரியாகச் சிறு பிளாஸ்டிக் பைகளில் பிரித்து வைத்திருக்கிறோம். ஓர் ஆண்டுக் காசு பத்தாவது சேர்ந்தால்தான் ஒப்பிட முடியும். 20 சென்னும் 50 சென்னும் முடிந்துவிட்டன. 2008இல் கடைகளில் விலையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டத் தொடங்கியதிலிருந்து யாரும் கேட்காத ஒரு சென் காசுகள் மட்டும் முந்நூறுக்கு மேல் மீதி இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு அண்ணன் தன் சொந்த உருப்பெருக்கியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.